டியூப் எந்தப் பொருள் என்று பில்லில் எழுதுங்கள்

சென்னையில் நியூமாட்டிக் டியூபும் (அழுத்தக் காற்று ஓடும் குழாய்), அதை இணைக்கும் பிட்டிங்கும் விற்கும் கடைக்காரர்களுக்கு,

வணக்கம். அம்பத்தூரில் ஒரு சிறிய பட்டறையில் 19 ஆண்டுகளாகப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். "8 எம்.எம். நீலம், ஒரு ரோல்" என்று உங்கள் கடை வாசலில் நின்று எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. நீங்களும் வேறெதுவும் கேட்காமல் எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். இனி அப்படி வாங்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் பட்டறையில் உதிரிப் பாகங்களைக் கழுவும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. உள்ளே வெந்நீர் பீய்ச்சும்; கதவு திறக்கும்போதெல்லாம் ஆவி வெளியே அடிக்கும். அந்தக் கதவைக் காற்றழுத்தத்தால் தூக்கும் சிலிண்டருக்குப் பிப்ரவரியில் புது பி.யு. (பாலியூரித்தேன்) டியூப் போட்டேன். ஆகஸ்டில் கசிவு தொடங்கியது. சோப்பு நுரை தடவிப் பார்த்தால் பிட்டிங்கின் வாயிலேயே குமிழி வந்தது. நுனியை ஒரு சென்டிமீட்டர் வெட்டி மறுபடி செருகினேன். அடுத்த வாரம் மறுபடி கசிந்தது, மறுபடி வெட்டினேன். மதிய உணவு வேளையில் எல்லா இயந்திரங்களும் நின்ற பிறகும் கம்ப்ரசர் மட்டும் ஓடி ஓடி நிற்கும் சத்தம் கேட்கும். சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போவேன். டியூபைத் தொட்டால், உருகிய வெல்லம் போல விரலில் பிசுபிசுத்தது. மடக்கினால் மேலே மெல்லிய கீறல்கள் ஓடின. தளர்வாக விட்டிருந்த நீளமெல்லாம் வெட்டி வெட்டித் தீர்ந்து, கடைசியில் டியூப் விறைப்பாக இழுத்துக்கொண்டு நின்றது. உடனே மாற்றியிருக்க வேண்டும். புது ரோல் வரட்டும் என்று காத்திருந்தது என் பிழை, அதை மறைக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை டியூப் பிட்டிங்கிலிருந்து கழன்றது. 6 பார் அழுத்தக் காற்றோடு சாட்டை போலச் சுழன்று, அருகில் நின்ற உதவியாளரின் முகத்தில் அடித்தது. 20 வயதுப் பையன். பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. கன்னத்தில் மூன்று தையல்.

டியூபை எடுத்துக்கொண்டு, வாங்கிய கடைக்கே போனேன். "சரியாகச் செருகியிருக்க மாட்டீர்கள் சார்" என்றார்கள். ஐயா, கட்டரில் நேராக வெட்டி, பிசிறு பார்த்து, அடிவரை செருகி, இழுத்துச் சோதித்துத்தான் போட்டேன். எந்த டியூபையும் நான் அப்படித்தான் போடுவேன். "இது எஸ்டர் வகையா, ஈதர் வகையா?" என்று கேட்டேன். "எல்லாம் பி.யு. தான் சார், எல்லாம் ஒன்றுதான்" என்றார்கள். பில்லைக் காட்டினேன். அதில் அளவும் நிறமும் விலையும் இருந்தன. பொருள் என்ன என்று ஒரு சொல்லும் இல்லை.

எல்லாம் ஒன்றல்ல என்பது உங்களுக்குத் தெரியும். எஸ்டர் வகை பி.யு. எண்ணெயைத் தாங்கும், தேய்மானத்தைத் தாங்கும். ஆனால் வெந்நீரும் ஆவியும் பட்டால் நீர் அதன் உட்பிணைப்பையே அறுத்துவிடும். அந்த இடத்துக்கு ஈதர் வகைதான் வேண்டும். இரண்டும் ஒரே நீலம், ஒரே பளபளப்பு. வாங்குகிறவன் கண்ணால் பார்த்துப் பிரிக்க வழியே இல்லை. அதனால்தான் கேட்கிறேன்: எழுதிக் கொடுங்கள்.

செருகினாலே பிடித்துக்கொள்ளும் புஷ் பிட்டிங், டியூபின் வெளிச்சுவரை மட்டுமே நம்பி நிற்கிறது. உள்ளே இருக்கும் பல்வளையம் வெளிச்சுவரைக் கவ்வுகிறது. ரப்பர் வளையம் அதே சுவரில் அழுந்திக் காற்றை அடைக்கிறது. சுவர் மென்மையானால் பல் அறுக்கும், விட்டம் குறைந்தால் வளையம் அடைக்காது. அங்குல அளவு டியூபை மில்லிமீட்டர் பிட்டிங்குக்குக் கொடுப்பதும் இதே கதைதான். 5/16 அங்குலம் 7.94 மி.மீ.; 8 மி.மீ. பிட்டிங்கில் பெரும்பாலும் நிற்கும். 3/8 அங்குலமோ 9.53 மி.மீ.தான். 10 மி.மீ. பிட்டிங்கில் செருகும்போது பிடித்தது போல இருக்கும், பிறகு கசியும் அல்லது கழன்று வரும். "போட்டுப் பாருங்கள், உட்கார்ந்துவிடும்" என்று சொல்லி அதை எனக்கு விற்றிருக்கிறார்கள். வேறொரு முறை நைலான் கேட்டதற்குப் பாலித்தீன் கொடுத்தார்கள்.

டியூபில் அச்சிட்டிருக்கும் அழுத்த அளவைக் காட்டி வாதாடுகிறவர்களும் உண்டு. அது பெரும்பாலும் 20 டிகிரி வெப்பத்துக்குச் சொன்ன கணக்கு. மே மாதத்தில் தகரக் கூரைக்கு அடியில் வந்து நின்று பாருங்கள். வெப்பம் ஏற ஏற அந்த அளவு இறங்கும். எவ்வளவு இறங்கும் என்ற அட்டவணையைத் தயாரிப்பாளர்கள் கொடுக்கிறார்கள். அது எங்கள் கைக்கு வருவதில்லை.

குற்றம் உங்களுடையது மட்டுமல்ல. மீட்டருக்கு இரண்டு ரூபாய் குறைந்தால் போதும் என்று வாங்கும் நிர்வாகங்கள் இருக்கின்றன. லட்சக்கணக்கில் இயந்திரம் வாங்குவார்கள்; அதற்குள் ஓடும் டியூபை யாரும் கேட்பதில்லை. பயிற்சி முடித்து வரும் பிள்ளைகளுக்கு வால்வு தெரிகிறது, சிலிண்டர் தெரிகிறது, டியூபில் வகை உண்டு என்பது தெரியவில்லை. கழன்று அடிக்கும்போது முன்னால் நிற்பது அவர்கள்தான். இதையெல்லாம் உங்களிடம் கொட்டுவது முறையல்ல என்று தெரிகிறது, மன்னியுங்கள். ஆனால் அந்தப் பையனின் அம்மா பட்டறை வாசலுக்கு வந்து, "எப்படி ஐயா கழன்றது?" என்று கேட்டபோது, என்ன டியூப் போட்டேன் என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு பில்லிலும் பொருளை எழுதுங்கள்: நைலானா, பாலித்தீனா, பி.யு. என்றால் எஸ்டரா ஈதரா. வெளிவிட்டத்தையும் அதன் ஏற்றத்தாழ்வையும் எழுதுங்கள். உங்களுக்கே தெரியாவிட்டால், உங்களுக்குச் சரக்கு அனுப்புகிறவரிடம் கேட்டு எழுதுங்கள்; அதற்கு இரண்டு நாள் ஆனாலும் காத்திருக்கிறேன்.

பழைய டியூபில் ஓர் அடித் துண்டை வைத்திருக்கிறேன். வரும் திங்கட்கிழமை கொண்டு வருகிறேன், தொட்டுப் பாருங்கள். எனக்கு 8 மி.மீ. ஈதர் வகை பி.யு. 100 மீட்டர் வேண்டும். பில்லில் "ஈதர்" என்று எழுதித் தருகிற கடையில் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அம்பத்தூரிலிருந்து ஒரு பராமரிப்புத் தொழிலாளி