மாயக் குடும்பங்களும் மாட்ரிட் அரண்மனையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சென்ற ஞாயிறு இணைப்பில் ஹாரி பாட்டர் கதைகளைப் பற்றி வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். இரத்தத் தூய்மை பேசித் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் மந்திரவாதிப் பிரபுக் குடும்பங்களைக் கட்டுரையாளர் நன்றாக விவரித்திருக்கிறார். ஆனால் அக்குடும்பங்களுக்கு நேரும் சீரழிவைச் சிறுவர்களுக்காக மிகைப்படுத்தப்பட்ட கற்பனை என்று ஒரே வரியில் ஒதுக்கியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பள்ளியில் விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: வரலாற்றின் அருகில் வைத்துப் பார்த்தால், அந்தக் கதை நடந்ததைக் குறைத்தே சொல்கிறது.

கதையில் கான்ட் என்றொரு குடும்பம் வருகிறது. ஹாக்வர்ட்ஸ் மந்திரப் பள்ளியை நிறுவிய நால்வரில் ஒருவரான சலசார் ஸ்லிதரினின் நேர் வாரிசுகள் என்ற பெருமையைத் தவிர அவர்களிடம் எதுவும் மிஞ்சவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே மணந்துகொண்டதால் வெறியும் நிலைகுலைந்த மனமும் குடும்பச் சொத்தாகிவிடுகின்றன. பொன்னெல்லாம் எப்போதோ கரைந்துபோக, ஒரு மோதிரத்தையும் ஒரு பதக்கத்தையும் வைத்துக்கொண்டு பாழடைந்த குடிசையில் குடியிருக்கிறார்கள். இன்னொன்று பிளாக் குடும்பம். அங்கே கணவனும் மனைவியும் பிறந்ததே பிளாக் குடும்பத்தில்தான். கீழானவர்கள் என்று அவர்கள் கருதியவர்களை மணந்தவர்களின் பெயர்கள், சுவரில் தொங்கும் வம்சாவளித் திரைச்சீலையில் பொசுக்கப்பட்டுக் கரிந்த ஓட்டைகளாக நிற்கின்றன. கட்டுரையாளர் மிகை என்று சொல்வது இவற்றைத்தான். இவ்விரு குடும்பங்களையும் விட நெருக்கமாகத் தங்களுக்குள் மணந்துகொண்ட ஒரு குடும்பம், 1516 முதல் 1700 வரை ஸ்பெயினையும் அதன் கடல்கடந்த நிலப்பரப்புகளையும் ஆண்டது. அது ஹாப்ஸ்பர்க் குடும்பம்.

முதலில் திருமணங்களைப் பார்ப்போம். அரசர் ஐந்தாம் சார்லஸ் 1526-இல் மணந்த போர்ச்சுகல் இளவரசி இசபெல்லா அவருடைய சித்தி மகள். அவர்களுடைய மகன் இரண்டாம் பிலிப் 1543-இல் முதல் மனைவியாக ஏற்ற மரியா மானுவேலாவோ, ஒரு வழியில் அவருக்கு மாமன் மகள், மறுவழியில் அத்தை மகள். இவர்களுக்குப் பிறந்த டான் கார்லோஸுக்குக் கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டிகள் எட்டுப் பேர் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு பேர்தான் இருந்தார்கள். அதே பிலிப் 1570-இல் நான்காவதாக மணந்த அன்னா, அவருடைய சொந்தத் தங்கையின் மகள். அவருடைய பேரன் நான்காம் பிலிப்பும் 1649-இல் தம் தங்கை மகள் மரியானாவைத்தான் மணந்தார். அந்தப் பெண்ணை முதலில் நிச்சயித்திருந்தது அவருடைய மகனுக்கு. மகன் இறந்துபோகவே, மருமகளாக வரவிருந்த பதினான்கு வயதுச் சிறுமியை நாற்பத்து நான்கு வயதுத் தாய்மாமன் மணந்துகொண்டார். நம்மூரிலும் தாய்மாமன் கல்யாணம் உண்டுதான். ஆனால் பல சமூகங்களில் அக்காள் மகள்தான் முறை, தங்கை மகளைத் தன் மகளாகவே எண்ணுவார்கள் என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். கத்தோலிக்கத் திருச்சபையும் இத்தகைய திருமணங்களைத் தடைசெய்துதான் வைத்திருந்தது. ஆனாலும் அரசர்கள் கேட்டபோதெல்லாம் ரோமிலிருந்து விலக்கு ஆணை வந்துகொண்டே இருந்தது.

நான்காம் பிலிப்புக்கும் மரியானாவுக்கும் 1661 நவம்பர் 6-ஆம் தேதி பிறந்தவர்தான் ஸ்பெயினின் கடைசி ஹாப்ஸ்பர்க் அரசரான இரண்டாம் சார்லஸ். உறவுமுறையில் நம்மைவிட நுணுக்கம் பார்ப்பவர்கள் உலகில் குறைவு என்பதால் இதை நம் வழக்கப்படியே சொல்லிவிடுகிறேன். அவருடைய பெற்ற தாயே அவருக்கு அத்தை மகள், அதாவது முறைப்பெண். அவருடைய தாய்வழிப் பாட்டி அவருக்கு அத்தை. மூன்றாம் பிலிப் அவருக்கு ஒரு வழியில் தாத்தா, மறுவழியில் கொள்ளுத்தாத்தா.

ஒரு குழந்தை, தாய்வழியிலும் தந்தைவழியிலும் வரும் ஒரே மூதாதையின் ஒரே மரபணுப் பிரதியை இரட்டையாகப் பெறும் வாய்ப்பைக் கணக்கிட்டுச் சொல்லலாம். அத்தை மகன், மாமன் மகள் மணந்தால் அது நூற்றுக்கு 6.25. தாய்மாமன் மணந்தால் 12.5. உடன்பிறந்தவர்களுக்குள் பிறந்தால் 25. ஸ்பானிய மரபியலாளர்கள் பதினாறு தலைமுறைகளைச் சேர்ந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உறவினர்களை வரிசைப்படுத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் சார்லஸுக்குக் கிடைத்த எண் 25.4. உடன்பிறந்த அண்ணன் தங்கைக்குப் பிறந்த பிள்ளையைவிட ஒரு படி கூடுதல்! அந்த அரச மரபைத் தொடங்கிவைத்தவரும் ஐந்தாம் சார்லஸின் தந்தையுமான முதலாம் பிலிப்புக்கு அது 2.5 மட்டுமே. ஒவ்வொரு திருமணமும் தனியாகப் பார்த்தால் பெரிய ஆபத்தாகத் தோன்றாது. முந்தைய நெருக்கம் கரைவதற்குள் அடுத்த நெருக்கத்தை அதன்மேல் அடுக்கிக்கொண்டே போனதுதான் கேடு. கட்டுரையாளர் இதைத் தவறவிட்டுவிட்டார், கதையாசிரியர் தவறவிடவில்லை.

இதன் விலையைக் கொடுத்தவர்கள் குழந்தைகள். அதே ஆய்வின்படி, 1527-க்கும் 1661-க்கும் இடையில் அந்த அரச குடும்பத்தில் பிறந்த 34 குழந்தைகளில் பத்துப் பேர் ஒரு வயதுக்குள் இறந்தனர்; பாதிப் பேர் பத்து வயதைக் காணவில்லை. நல்ல உணவும் அரண்மனை வைத்தியர்களும் கிடைத்த இப்பிள்ளைகளைவிட, அக்காலத்து ஸ்பானியக் கிராமத்துப் பிள்ளைகள் அதிகமாகப் பிழைத்தார்கள். வியன்னா அருங்காட்சியகத்தில் ஸ்பானிய அரசவை ஓவியர் வெலாஸ்கெஸ் 1659-இல் வரைந்த ஓர் ஓவியம் இருக்கிறது. சார்லஸின் அண்ணனான இளவரசர் பெலிப்பே பிராஸ்பெரோ, இரண்டு வயதுக் குழந்தை, இளஞ்சிவப்பு அங்கியின் மேல் வெள்ளை முன்துணியுடன், ஒரு நாற்காலியின் முதுகில் கையை வைத்து நிற்கிறான். நாற்காலியில் ஒரு சின்ன வெள்ளை நாய் படுத்திருக்கிறது. முகம் வெளிறியிருக்கிறது. அவன் மார்பிலும் இடுப்பிலும் கயிறுகளில் தொங்குபவை நகைகள் என்றுதான் முதலில் தோன்றும். உற்றுப் பார்த்தால் அவை கண்ணேறு படாமலிருக்கக் கட்டிய தாயத்துகளும் சிறு மணிகளும். வலிப்பு நோயால் அவதிப்பட்ட அந்தக் குழந்தை 1661 நவம்பர் 1-ஆம் தேதி இறந்தது. ஐந்து நாள் கழித்துத் தம்பி சார்லஸ் பிறந்தான்.

நோய்க்குக் காரணம் தேடியவர்கள் கடைசிவரை தாயத்தைத்தான் நம்பினார்கள். பேச்சும் நடையும் மிகத் தாமதமாக வந்த, தாடை முன்னே துருத்தியதால் உணவைச் சரியாக மெல்ல முடியாத, இரண்டு மனைவியரை மணந்தும் பிள்ளையில்லாத சார்லஸை ஸ்பானிய மக்கள் ‘சூனியம் வைக்கப்பட்டவர்’ என்றே அழைத்தனர். இது வெறும் ஊர்ப்பேச்சாக நிற்கவில்லை. 1698-இல் அரசரின் பாவமன்னிப்புக் குருவும் மத விரோதிகளை விசாரிக்கும் கத்தோலிக்க மதவிசாரணை மன்றத்தின் தலைவரும் சேர்ந்து, பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்ட சில கன்னியாஸ்திரீகளின் வாயிலாகச் சாத்தானிடமே விளக்கம் கேட்க ஏற்பாடு செய்தார்கள். பதினான்காம் வயதில் ஒரு கோப்பை சாக்லேட் பானத்தில் அரசருக்குச் செய்வினை கலந்து கொடுக்கப்பட்டது என்று பதில் வந்தது. அரசரை வெறும் வயிற்றில் மந்திரித்த எண்ணெய் குடிக்கவைப்பது பரிகாரமாயிற்று. கதையில் மாயக் குடும்பங்கள் இரத்தத்தை நம்பிக் கெடுகின்றன. மாட்ரிட்டில் இரத்தத்தை நம்பிக் கெட்ட குடும்பம் மாயத்தின்மேல் பழியைப் போட்டது. குடும்ப மரத்தை விரித்துப் பார்க்க வேண்டும் என்று அந்த அரண்மனையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சொல்லியிருக்க முடியாது.

ஏன் சொல்லியிருக்க முடியாது என்பதற்கும் அந்த நாட்டிலேயே விடை இருக்கிறது. 1449-இல் டொலிடோ நகரம், யூத மதத்திலிருந்து மாறிய கிறித்தவர்களும் அவர்களின் வழிவந்தவர்களும் நகரப் பதவிகளில் இருக்கக் கூடாது என்று விதித்தது. அதன்பின் இரத்தத் தூய்மைச் சட்டம் என்ற பெயரில் இந்த வழக்கம் தேவாலயங்கள், கல்லூரிகள், வீரர் சங்கங்கள் என்று பரவியது. மேலே சொன்ன வெலாஸ்கெஸே சந்தியாகோ வீரர் சங்கத்தில் சேர விரும்பியபோது, அவருடைய முன்னோர்களைப் பற்றி நூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகளை ஊர் ஊராக விசாரித்தார்கள். அரச குடும்பத்தின் சொந்தத் திருமணங்களுக்கு இந்தச் சட்டம் நேர்க்காரணம் என்று சொன்னால் அது பிழையாகும். அங்கே நிலமும் மணிமுடியும் கைமாறக் கூடாது என்ற கணக்கே முதன்மையானது. ஆயினும் வெளியிரத்தம் கலந்தால் கெடுதி என்று நாடு முழுவதும் பத்திரம் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், வெளியிரத்தம் கலக்காததால் வந்த கெடுதி இது என்று எந்த வைத்தியர் வாய் திறப்பார்?

இங்கே நம் வாசகர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். தமிழ்நாட்டில் நெருங்கிய உறவில் மணந்த பெண்கள், 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படியே, நான்கில் ஒருவருக்கும் மேல். நாமும் அந்த வழியில்தான் போகிறோமா? ஒரு தலைமுறையில் நடக்கும் மாமன் மகள் திருமணத்தையும் ஆறு தலைமுறைகள் அடுக்கிய ஹாப்ஸ்பர்க் கணக்கையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. சோழர்களையே பாருங்கள். முதலாம் இராசராசனின் மகள் குந்தவை வேங்கியை ஆண்ட கீழைச் சாளுக்கிய விமலாதித்தனுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவள் மகன் இராசராச நரேந்திரன் மாமன் இராசேந்திரனின் மகள் அம்மங்கையை மணந்தான். அவர்கள் மகன் முதலாம் குலோத்துங்கனும் தன் மாமன் மகள் மதுராந்தகியைத்தான் மணந்தான்; 1070-இல் அரியணை ஏறி ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் திறம்பட ஆண்டான். ஆனால் அந்தத் திருமணங்கள் வேங்கி என்ற வேறொரு நாட்டின் வேறொரு குலத்தை உள்ளே கொண்டுவந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்காக நம் கையில் ஆபத்தே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். ஒரே குடும்பத்தில் பாட்டி, அம்மா, பெண் என மூன்று தலைமுறையும் மாமனை மணந்திருந்தால், மருத்துவரைக் கேட்டுவிட்டு நான்காவது பேச்சை எடுப்பதே நல்லது.

சார்லஸ் 1700 நவம்பர் 1-ஆம் தேதி, முப்பத்தொன்பதாம் பிறந்தநாளுக்கு ஐந்து நாள் முன்னால் இறந்தார். வாரிசு இல்லாததால் அரியணை உயிலின்படி பிரெஞ்சு அரசரின் பேரனுக்குப் போயிற்று. அதை ஒப்பாத நாடுகள் 1714 வரை போர் நடத்தின. ஸ்பெயினின் தென்கரையிலுள்ள ஜிப்ரால்டர் பிரிட்டன் கைக்குப் போனது அந்தப் போரில்தான். எந்த நிலம் கைவிட்டுப் போகக் கூடாது என்று தங்கை மகள்களை மணந்தார்களோ, அந்த நிலத்தைக் கடைசியில் பல நாடுகள் பங்கு போட்டுக்கொண்டன.

கட்டுரையின் அடுத்த பகுதியும் வெளிவரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் மிகை என்ற சொல்லைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பிளாக் குடும்பத்தின் திரைச்சீலைப் படத்தை அரைப்பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள்; இம்முறை மற்ற அரைப்பக்கத்தில் இரண்டாம் சார்லஸின் வம்சாவளியை, ஐந்து தலைமுறை அளவுக்காவது, தமிழ்ப் பெயர்களுடனும் உறவுமுறைகளுடனும் அச்சிட்டால் மாணவர்களுக்கு மிகவும் பயன்படும். மூன்றாம் பிலிப்பின் பெயரை அதில் இரண்டு இடங்களில் போட வேண்டியிருக்கும். அச்சுப்பிழை என்று கருதி ஒன்றை நீக்கிவிட வேண்டாம் என்று பக்க வடிவமைப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
கும்பகோணம்.