தம்பியோடு நடந்த எல்லோருக்கும்

அன்புடையீர்,

தம்பியின் நினைவு நடை நல்லபடியாக முடிந்தது. உதவியவர்களை ஒருவர் விடாமல் நேரில் பார்த்து நன்றி சொல்லத்தான் ஆசை. பாதிப் பேரின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது என்பதால் இந்த மடல்.

முதலில், விடுப்பு எடுத்து வந்த அவனுடைய படைப்பிரிவு நண்பர்களுக்கு. அவன் சிக்னல் ஆள், அதாவது படையில் வயர்லெஸ் தொடர்பைப் பார்ப்பவன் என்பது தெரியும். வேலையைப் பற்றி வீட்டில் வாயே திறக்க மாட்டான். வயர்லெஸ் செட்டும் உபரி பேட்டரிகளும் சேர்ந்தால் முதுகில் எவ்வளவு ஏறும் என்பது, அதே எடையில் நீங்கள் கட்டி வந்த பையைத் தூக்கிப் பார்த்தபோதுதான் உறைத்தது. பேட்டரி தீர்ந்தால் மொத்தக் குழுவுக்கும் காது போய்விடும் என்று, தன் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு இன்னொரு பேட்டரியைத் திணித்துக்கொள்வானாம். அம்மா இதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தப் பையை மாற்றி மாற்றிச் சுமந்து வந்த பிள்ளைகளுக்கும் நன்றி.

நிற்காமல் நடப்பதுதான் மரியாதை என்று எங்களில் சிலர் பிடிவாதமாக இருந்தோம். நல்லவேளை, நீங்கள் கேட்கவில்லை. மணிக்கு 4 கிலோமீட்டர், 50 நிமிடம் நடை, 10 நிமிடம் ஓய்வு என்ற காலாட்படைக் கணக்கைக் கொண்டுவந்தீர்கள். மெதுவாக நடப்பவர்களை முன்வரிசையில் விட்டீர்கள். அதனால்தான் அம்மா கடைசிவரை வந்தார். அதோடு, அவனைப் பற்றிய பேச்செல்லாம் நடந்தது அந்தப் பத்து நிமிடங்களில்தான். இறந்த நாளைப் பற்றியே கேட்டுக் கேட்டுச் சலித்திருந்த எங்களுக்கு, அவன் இருந்த நாட்களைப் பற்றிக் கேட்கக் கிடைத்தது. வயர்லெஸ்ஸில் ஏ, பி, சி-க்குப் பதில் சொல்வதுபோல் ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று குழந்தைகள் தங்கள் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லக் கற்றுக்கொண்டு போட்ட கூச்சல் அவனுக்கு ரொம்பப் பிடித்திருக்கும்.

கால் கொப்புளங்களுக்குக் கட்டுப்போட்ட செவிலியர்கள், வண்டிகளை நிறுத்தி வழிவிட்ட போக்குவரத்துக் காவலர்கள், தண்ணீர் தந்தவர்கள், அப்புறம் கூடவே வந்து குப்பையை அள்ளிய மாணவர்கள், அனைவருக்கும் நன்றி. வழியில் கழிப்பறையைத் திறந்துவிட்ட பள்ளிக்குத் தனியாக ஒன்று. இதையெல்லாம் யாரும் மேடையில் சொல்ல மாட்டார்கள். பெண்களுக்கு அதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை.

கோஷம் வேண்டாம், கொடி வேண்டாம் என்று கேட்டிருந்தோம். கொண்டுவந்த பேனரைச் சுருட்டி வண்டியிலேயே வைத்துவிட்டு, கூட்டத்தோடு கூட்டமாக நடந்தவர்களே, அது சின்ன விஷயம் இல்லை.

முடிவில், படைப்பிரிவு நண்பர்களே, நீங்கள் நடத்திய பெயர் அழைப்பு. ஒவ்வொரு பெயருக்கும் பதில் வர, அவன் பெயரை மட்டும் மூன்று முறை அழைத்து, அப்புறம் லாஸ்ட் போஸ்ட் ஊதினீர்கள். காவல் நிலைகளையெல்லாம் பார்த்தாயிற்று, இனி ஓய்வுதான் என்று இரவில் முகாமுக்கு அறிவித்த ஊதல் அது. இதை வைக்கலாமா, தாங்குவீர்களா என்று முன்கூட்டியே வந்து அம்மாவிடமும் தம்பி மனைவியிடமும் கேட்டீர்கள். இவ்வளவு காலமும் எங்களால் எது முடியும் என்று மற்றவர்களே முடிவு செய்துகொண்டிருந்தார்கள். சரி என்று சொல்லும் உரிமையை எங்களிடமே விட்டதற்குத் தனி நன்றி.

ஒரு குழந்தையின் செருப்பும் இரண்டு குடைகளும் எங்களிடம் இருக்கின்றன, வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அவனைப் பற்றிச் சொல்ல நேரம் கிடைக்காதவர்கள் எழுதி அனுப்புங்கள். குறும்புகளையும் மறைக்க வேண்டாம், அவன் மகள் பெரியவளானதும் படிக்கட்டும்.

அன்புடன்,
அக்காவும் குடும்பத்தாரும்