ஹாலிஃபாக்ஸ் கவுண்டரும் மைசூர் பாங்க் சர்க்கிளும்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள முரளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வாட்ஸப் காலத்தில் நாலு பக்கம் கையால் எழுதி ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புகிற ஆள் எனக்குத் தெரிந்து நீ ஒருவன்தான். பேத்தி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த ராஜா தலை போட்ட ஸ்டாம்ப் எனக்கு" என்று கிழித்துக்கொண்டு போய்விட்டாள்.

பிரிட்டனில் லாய்ட்ஸ் பாங்க்கில் கணக்கு வைத்துக்கொண்டு ஹாலிஃபாக்ஸ் என்ற வேறு பாங்க்கின் கவுண்டரில் போய் பணம் கட்டினேன், ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிக்கொண்டார்கள், இது எப்படிடா என்று கேட்டிருக்கிறாய். பாங்க்காரனிடம் பாங்க் கேள்வி கேட்டால் பதில் நீளும். பொறுத்துக்கொள்.

அங்கே கதை 2009இல் ஆரம்பிக்கிறது. உலக நிதி நெருக்கடியில் தள்ளாடிய எச்.பி.ஓ.எஸ். என்ற பாங்க் குழுமத்தை அந்த ஜனவரியில் லாய்ட்ஸ் வாங்கியது. அந்தக் குழுமத்துக்குள்தான் ஹாலிஃபாக்ஸும் பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்தும் இருந்தன. ஒன்று யார்க்‌ஷயர் ஊர்க்காரர்கள் 1853இல் வீடு கட்டச் சேர்ந்து ஆரம்பித்த சங்கம், இன்னொன்று 1695இலிருந்து நடக்கிற பாங்க். இவ்வளவு பழைய பெயர்களை யார் கழற்றுவார்கள்? பெயரை அப்படியே விட்டுவிட்டு, உள்ளே மட்டும் ஒன்றாக்கினார்கள். அப்படியும், மூன்றில் எந்தக் கிளைக்கு வேண்டுமானாலும் போகலாம் என்று 2025இல்தான் சொன்னார்கள். நடுவே பதினாறு வருஷம் ஓடிவிட்டது, பார்.

நாங்கள் இதை எப்போதோ பார்த்தாகிவிட்டது. ஸ்டேட் பாங்க் குரூப் ஞாபகம் இருக்கிறதா? மைசூர், திருவாங்கூர், ஹைதராபாத், பாட்டியாலா, பிகானீர்-ஜெய்ப்பூர் என்று தனித்தனிப் பெயர், தனித்தனி நிர்வாக போர்டு. ஆனால் எல்லாப் பலகையிலும் அதே நீல வட்டம், நடுவில் சாவித்துளை. ஒரு பாங்க்கின் ஏ.டி.எம். கார்டு மற்ற எல்லாவற்றின் மெஷினிலும் சொந்தக் கார்டு மாதிரி ஓடும். நான் உட்கார்ந்திருந்த மைசூர் பாங்க் கிளை, எம்.இ.ஜி. சென்டர் என்ற ராணுவ முகாமுக்குப் பக்கம் என்பதால் இதைத் தினமும் பார்ப்பேன். சம்பள நாளில் ஜவான்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். கொல்லத்துப் பையனிடம் திருவாங்கூர் கார்டு, வாரங்கல் பையனிடம் ஹைதராபாத் கார்டு. மைசூர் பாங்க் மெஷின் யாரிடமும் முகம் சுளிக்காமல் பணம் கொடுக்கும்.

அந்த ஜவான்களில் ஒருவர் கல்யாணம் முடித்து லீவிலிருந்து திரும்பி வந்தார். நாமினி பெயரை அம்மாவிலிருந்து மனைவிக்கு மாற்றவேண்டும் என்று கவுண்டருக்கு வந்தார். கணக்கு திருவாங்கூரில். "அதே வட்டம்தானே சார், இங்கேயே எழுதிக்கக்கூடாதா?" என்றார். எங்களால் முடியாது. மாதிரிக் கையெழுத்து அந்தக் கிளையில் இருக்கிறது, கணக்குத் திறந்த படிவம் அங்கே இருக்கிறது, சட்டப்படி அது வேறு பாங்க், வேறு போர்டு. ஒரே வீடு, தனித்தனி அடுப்பு. அவருக்குப் படிவத்தை எப்படிப் பூர்த்தி செய்வது என்று சொல்லிக் கொடுத்து, ஊருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பச் சொன்னேன்.

எனக்கு இதில்தான் எப்போதும் ஒரு மனத்தாங்கல். பகிர்ந்துகொள்வது என்றால் முதலில் பணம் எடுப்பது, கட்டுவது இரண்டையும்தான் பகிர்கிறார்கள். அது சுலபம், மெஷின் பார்த்துக்கொள்ளும். ஆனால் நம் வயசில் கிளைக்கு எதற்காகப் போகிறோம்? லாக்கர், நாமினி, கையெழுத்து மாறிப்போனது, செத்தவர் கணக்கு. இந்த வேலைகளுக்குச் சொந்தக் கிளையைத்தான் தேடிப் போகவேண்டியிருக்கிறது. நீ அடுத்த தடவை ஹாலிஃபாக்ஸ் போகும்போது, உன் லாய்ட்ஸ் கணக்கை மகன் கவனித்துக்கொள்ள அதிகாரப் பத்திரம் பதியவேண்டும் என்று சும்மா கேட்டுப் பார். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுது. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை.

இன்னொன்று. ஒரே தெருவில் இரண்டு பலகை, இரண்டிலும் ஒரே வேலை நடக்கும் என்றாகிவிட்டால், கணக்குப் போடுகிறவன் கண்ணில் ஒன்று உபரியாகத்தான் படும். அங்கே பொதுக் கவுண்டர் அறிவிப்பு வந்த அதே மாசம் 136 கிளைகளை மூடப்போவதாகவும் அறிவிப்பு வந்ததே, படித்திருப்பாய். இங்கே 2017 ஏப்ரல் 1ஆம் தேதி ஐந்து அசோசியேட் பாங்க்குகளும் ஸ்டேட் பாங்க்கோடு சேர்ந்தன. விசுவேசுவரய்யா முயற்சியில் 1913இல் ஆரம்பித்த மைசூர் பாங்க் அன்றோடு முடிந்தது. பணம் அனுப்பும்போது கிளையை அடையாளம் காட்டுகிற ஐ.எஃப்.எஸ்.சி. கோடுகள் SBMY என்று ஆரம்பித்தது போய் SBIN ஆயின. பழைய செக் புக் கொஞ்ச காலம்தான் செல்லும் என்றார்கள். பிறகு விஜயா பாங்க் பரோடாவோடு, சிண்டிகேட் கனராவோடு. கர்நாடகத்துப் பெயர்கள் ஒவ்வொன்றாகப் போயின. கே.ஜி. ரோட்டில் மட்டும் இன்னும் "மைசூர் பாங்க், மைசூர் பாங்க்" என்று கண்டக்டர் கூவிக்கொண்டிருக்கிறார். ஏறுகிற பிள்ளைகளுக்கு அது ஒரு ஸ்டாப்பின் பெயர், அவ்வளவுதான்.

இணைப்பே கூடாது என்று சொல்கிறவன் இல்லை நான். ஒரே பாங்க் ஆகிவிட்டதால் அந்த ஜவானுக்கு இன்றைக்கு நாமினி வேலை எவ்வளவு சுலபம்! 2025 நவம்பரிலிருந்து நாலு நாமினி வரை போடலாம் என்று சட்டமே வந்துவிட்டது.

இப்போது நீ கவனிக்கவேண்டிய விஷயம். சேமிப்பை ஹாலிஃபாக்ஸில் பாதி, பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்தில் பாதி என்று பிரித்துப் போட்டிருக்கிறேன், எது கவிழ்ந்தாலும் ஒன்று நிற்கும் என்று எழுதியிருக்கிறாய். முரளி, பலகை இரண்டு, பாங்க் நடத்துகிற லைசென்ஸ் ஒன்று. அங்கே டெபாசிட் காப்பீடு லைசென்ஸுக்குத்தான், பலகைக்கு இல்லை. 85,000 பவுண்டாக இருந்த வரம்பை 2025 டிசம்பரிலிருந்து 1,20,000 ஆக்கியிருக்கிறார்கள். ஆனால் ஹாலிஃபாக்ஸ், பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்து இரண்டுக்கும் சேர்த்துத்தான் அந்தத் தொகை. லாய்ட்ஸ் பாங்க்குக்குத் தனி லைசென்ஸ், அதனால் அங்கே போட்டால் தனி வரம்பு. இத்தனைக்கும் மூன்றும் ஒரே குழுமம். கவுண்டரில் நின்று பார்த்தால் இது தெரியவே தெரியாது. இங்கேயும் அதே கதைதான். மைசூர் பாங்க்கிலும் ஸ்டேட் பாங்க்கிலும் போட்டவனுக்குத் தனித்தனியாக இருந்த காப்பீடு, இணைந்த பிறகு ஒன்றாகிவிட்டது. இப்போது ஒரு பாங்க்குக்கு, வட்டியும் சேர்த்து, 5 லட்சம். மகனை உட்காரவைத்து இந்த மாசமே சரிசெய்.

ஐ.டி.ஐ. டெலிபோன் ஃபாக்டரியில் அப்ரெண்டிஸாக இருந்தபோது நீ மைசூர் பாங்க்கில் திறந்த கணக்கின் பாஸ்புக் பெட்டியில் கிடைத்தது என்றாயே, அது செல்லாக்காசு இல்லை. பாங்க் பெயர் போனாலும் கணக்கு ஸ்டேட் பாங்க்கிடம் வந்துவிட்டது. பத்து வருஷத்துக்கு மேல் யாரும் தொடாத பணம் ரிசர்வ் பாங்க் நிதிக்குப் போயிருக்கும், போனாலும் கேட்டு வாங்கலாம். கேட்பாரற்ற டெபாசிட்டுகளைத் தேடுவதற்கான ரிசர்வ் பாங்க்கின் உத்கம் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். இப்போது அந்த பாங்க்கின் எந்தக் கிளையிலும் கே.ஒய்.சி. என்கிற அடையாள, விலாசச் சான்றுகளைக் கொடுத்து இப்படித் தூங்குகிற கணக்கை எழுப்பலாம் என்று 2025 ஜூனில் ரிசர்வ் பாங்க் சொல்லியிருக்கிறது. அதாவது நீ ஐ.டி.ஐ. இருக்கிற துரவாணி நகர் வரை போகவேண்டியதில்லை, என் வீட்டுப் பக்கத்துக் கிளையே போதும். ஆனால் நீ வெளிநாட்டுவாசி ஆகிவிட்டதால் கணக்கை என்.ஆர்.ஓ.வாக, அதாவது வெளிநாட்டுவாசிகள் இங்கே வைத்துக்கொள்ளும் ரூபாய்க் கணக்காக, மாற்றச் சொல்வார்கள். பாஸ்போர்ட், விசா, அங்கத்து விலாசத்துக்கு ஒரு ஆதாரம், எல்லாம் கையோடு கொண்டுவா. உள்ளே முந்நூறு ரூபாய்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இருந்தாலும் உன் முதல் ஸ்டைபெண்ட் அதில்தானே விழுந்தது, விடுவானேன்?

வீட்டில் எல்லோரும் நலம். சரசுவுக்கு முழங்கால் வலி, மெட்ரோ படி மட்டும் ஆகவில்லை, லிஃப்ட் இருக்கிற பக்கமாகச் சுற்றிப் போகிறோம். ஏரிக்கரை நடை தொடர்கிறது, வாசனையும் தொடர்கிறது.

டிசம்பரில் வருவதாக இருந்தால் டிக்கெட் போடும்முன் சொல். அதற்குள் பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு, இதற்கு மட்டும் வாட்ஸப் போதும். கணக்கு நம்பர் தெரிந்தால் கிளையில் முன்னாடியே விசாரித்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் சேது