எம்.எஸ். நோயாளிகளின் விழுங்கும் சிரமம்: மருத்துவமனைகளில் கேட்கப்படாத கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உலக மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) தினமான மே 30ஐ ஒட்டி ஆண்டுதோறும் நாளிதழ்களில் இந்நோயைப் பற்றிய கட்டுரைகள் வெளிவருகின்றன. நடை தள்ளாடுதல், பார்வை மங்குதல், கைகால் மரத்துப்போதல், சிறுநீரை அடக்க இயலாமை, தீராத அசதி என்று அவற்றில் வரும் பட்டியல் சரியானதே. பல ஆண்டுகளாக இந்நோயுடன் வாழ்ந்துவரும் நான், அப்பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறாத ஒன்றைப் பற்றி எழுத விரும்புகிறேன். உணவையும் நீரையும் விழுங்குவதில் ஏற்படும் சிரமமே அது. இந்நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இச்சிரமம் ஏதோ ஓர் அளவில் இருப்பதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. ஆயினும் வெளிநோயாளர் பிரிவில் என்னுடன் காத்திருந்தவர்களிடம் பேசிப் பார்த்த அளவில், "சாப்பிட்டால் இறங்குகிறதா, தண்ணீர் குடித்தால் இருமல் வருகிறதா?" என்று மருத்துவர் தாமாகவே கேட்டதாக ஒருவரும் சொல்லவில்லை.

இந்நோயில் உடலின் எதிர்ப்பாற்றலே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பிழைகளின் மேலுறையான மயலினைத் தாக்குகிறது. உறை சிதைந்த இடத்தில் நரம்புச் செய்தி தாமதமாகச் செல்லும், அல்லது செல்லாமலே நின்றுவிடும். சிதைவு மூளைத்தண்டில் நேர்ந்தால், அங்கிருந்து நாக்குக்கும் தொண்டைக்கும் குரல்வளைக்கும் போகும் நரம்புகளின் வேலை குலைகிறது. ஒரு வாய் நீரை விழுங்கும்போது குரல்வளை மேலெழுந்து முன்னகர வேண்டும், அதன் மூடி கவிய வேண்டும், குரல்நாண்கள் ஒன்றுசேர வேண்டும், மூச்சு நிற்க வேண்டும், உணவுக்குழாயின் வாய் திறக்க வேண்டும். இத்தனையும் ஏறத்தாழ ஒரு நொடியில் முடிந்துவிடுகிறது. இவற்றுள் ஒன்று சற்றே பிந்தினாலும் நீர் மூச்சுக்குழாய்ப் பக்கம் போய்விடும்.

கெட்டியான உணவுதான் தொண்டையை அடைக்கும், தண்ணீர் தானாக இறங்கிவிடும் என்றே பொதுவாக எண்ணுகிறோம். எம்.எஸ். உள்ள பலருக்கு நிலைமை நேர்மாறானது. தண்ணீர், காபி, நீர்மோர் போன்றவை விரைந்து ஓடுவதால், மூடி கவிவதற்குள் தொண்டையின் அடிப்பகுதிக்கு வந்துவிடுகின்றன. இதனுடன் நம் வீட்டுப் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. எச்சில் படாமல் சொம்பையோ பாட்டிலையோ உயர்த்தி, அண்ணாந்து நீரை வாய்க்குள் ஊற்றிக்கொள்வதை நாம் சிறுவயதிலிருந்தே நல்ல பழக்கமாகக் கற்றுக்கொண்டிருக்கிறோம். தொண்டை நலமாக இருப்பவருக்கு அதனால் தீங்கில்லை. விழுங்கும் செயல் பிந்துபவருக்கோ, தலையைப் பின்னால் சாய்த்து நீரை ஊற்றுவது மூச்சுக்குழாய்க்கே வழியைத் திறந்துவிடுவதாகும். முகவாயைச் சற்றுத் தாழ்த்தி, டம்ளரில் வாய் வைத்துச் சிறிது சிறிதாகப் பருகுவதே பலருக்கும் பாதுகாப்பானது. உறவினர் வீட்டில் அப்படிக் குடித்தால் முகம் சுளிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காரணத்தைச் சொல்லிவிடுவதே நல்லது.

இன்னொரு பழக்கமும் உண்டு. யாருக்காவது புரையேறினால் உச்சந்தலையில் தட்டி, "யாரோ உன்னை நினைக்கிறார்கள்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, மேலும் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டுகிறோம். எப்போதாவது ஒருமுறை என்றால் கவலையில்லை. ஒவ்வொரு வேளையும் புரையேறுகிறது என்றால் அது நினைப்பவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று. மருத்துவரிடம் சொல்ல வேண்டிய அறிகுறி. அந்த நேரத்தில் மீண்டும் தண்ணீர் கொடுப்பது சிக்கலைக் கூட்டும். முன்பக்கம் சாய்ந்து, தாமாக இருமி முடிக்க விட்டுவிட வேண்டும். இருமவோ பேசவோ மூச்சுவிடவோ முடியவில்லை என்றால் அது அடைப்பு. முதுகில் இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் பலமாகத் தட்டுதல் முதலான முதலுதவியும் 108க்கு அழைப்பும் உடனே தேவைப்படும்.

இருமல் வந்தாலாவது தெரிந்துகொள்ளலாம். தொண்டையின் உணர்வு குறைந்துவிட்ட சிலருக்கு, உணவோ நீரோ மூச்சுக்குழாய்க்குள் இறங்கினாலும் இருமலே வராது. சாப்பிட்ட பிறகு குரல் கரகரவென்று ஈரமாக ஒலிப்பது, காரணம் தெரியாமல் அடிக்கடி காய்ச்சலும் சளியும் வருவது, மெல்ல மெல்ல எடை குறைவது, பத்து நிமிடத்தில் முடிந்த சாப்பாடு முக்கால் மணி நேரம் இழுப்பது ஆகியவையே அத்தகையோரிடம் தெரியும் அடையாளங்கள். இவற்றைக் கவனியாமல் விட்டால் நுரையீரலில் நிமோனியா உண்டாகலாம். பற்களையும் நாக்கையும் நாள்தோறும் நன்றாகத் துலக்கினால், நுரையீரலுக்குள் இறங்கக்கூடிய எச்சிலில் உள்ள கிருமிகள் குறைந்து அந்த அபாயமும் குறைகிறது என்பது பலருக்குத் தெரியாது.

உணவைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியுள்ளது, ஏனெனில் நமக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி மசித்த உருளைக்கிழங்கையும் புட்டிங்கையும் பற்றியவை. நம் வீடுகளில் உடல்நலம் குன்றியவருக்கு முதலில் பிசைந்து தருவது ரசம் சாதம். விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு அதுவே கடினமான உணவுகளில் ஒன்று. பருக்கை வாயில் இருக்கும்போதே ரசம் பிரிந்து முன்னால் ஓடிவிடும். சாம்பாரில் மிதக்கும் இட்லி, பருக்கை மிதக்கும் கஞ்சி, கடித்தால் சாறு பீறிடும் திராட்சை, ஆரஞ்சு ஆகியவற்றிலும் இதே சிக்கல்தான். புட்டு, பொரி, பொட்டுக்கடலை, வேர்க்கடலை போன்றவை வாயில் உதிர்ந்து சிதறும். தாளிப்பில் வரும் கறிவேப்பிலையும் கடுகும் தொண்டையின் ஓரங்களில் ஒட்டிக்கொள்ளும். இவற்றுக்கு மாறாக, குழைய வேகவைத்து நன்றாக மசித்த தயிர் சாதம், நெய் சேர்த்துக் குழைத்த பொங்கல், கட்டியில்லாமல் காய்ச்சிய கேழ்வரகுக் கூழ் ஆகியவை வாயில் ஒரே திரளாக நின்று ஒன்றாக இறங்கும். ஐஸ்கிரீம் மென்மையானதுதானே என்று கொடுப்பார்கள். அது வாயின் சூட்டில் உருகி மீண்டும் நீராகிவிடும்.

நீர் பருகவே அஞ்சிக் குறைத்துக்கொள்வது இன்னொரு ஆபத்து. எம்.எஸ். நோயில் சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் ஏற்கெனவே அதிகம். நீர் குறைந்தால் இரண்டும் முற்றும். சிலருக்கு நீரைக் கெட்டியாக்கிப் பருகுமாறு சிகிச்சையாளர்கள் பரிந்துரைக்கிறார்கள். மாவுச்சத்து சேர்த்துக் கெட்டியாக்கினால் எச்சிலில் உள்ள நொதி அதை மீண்டும் நீர்க்கச் செய்யும். சாந்தன் கம் என்னும் பிசின் கலந்த பொடிகளில் அந்தக் குறை இல்லை, விலைதான் கூடுதல். எவ்வளவு கெட்டியாக்க வேண்டும் என்பதை ஊகத்துக்கு விட வேண்டியதும் இல்லை. ஐ.டி.டி.எஸ்.ஐ. என்னும் பன்னாட்டு அளவுமுறையில் உணவும் பானமும் 0 முதல் 7 வரை நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. குறிப்பிட்ட வகை 10 மில்லி சிரிஞ்சில் பானத்தை நிரப்பி, 10 நொடி வழியவிட்டு, மீந்திருக்கும் அளவைப் பார்த்தாலே பானத்தின் நிலை தெரிந்துவிடும். கெட்டியாக்கினால் நிமோனியா வரவே வராது என்ற உறுதி ஏதும் இல்லை. அதன் சுவையை வெறுத்து நீரையே நிறுத்திவிடுபவர்களும் உண்டு. ஆகவே, எல்லோருக்கும் ஒரே கட்டளையாக இதை எழுதிக் கொடுப்பதை நான் ஏற்கவில்லை.

வெப்பமும் அசதியும் இந்நோயின் அறிகுறிகளைத் தற்காலிகமாகக் கூட்டும் என்பது தெரிந்ததே. விழுங்குதலுக்கும் இது பொருந்துவதால், சோர்வு மிகும் இரவு வேளையை விடக் காலையில் நிறைவாக உண்பதும், நிமிர்ந்து அமர்ந்து உண்டபின் அரை மணி நேரமாவது சாயாமல் இருப்பதும் உதவுகின்றன. பந்தியில் அடுத்த வரிசைக்காரர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது நிதானமாக உண்பது எப்படி என்று கேட்டால், அதற்கு என்னிடம் பதில் இல்லை. கல்யாண வீடுகளில் நான் கடைசிப் பந்திக்குக் காத்திருக்கிறேன். மாத்திரைகளிலும் கவனம் தேவை. சிறுநீர்க் கட்டுப்பாட்டுக்காகத் தரும் ஆக்ஸிபியூட்டினின் வாயை உலர்த்தும்; தசை இறுக்கத்துக்கான பேக்லோஃபென் தூக்க மயக்கம் தரும்; இரண்டுமே விழுங்குவதை மேலும் கடினமாக்கலாம். விழுங்க முடியவில்லை என்று எல்லா மாத்திரைகளையும் பொடித்துவிடவும் கூடாது. நடைக்காகத் தரும் ஃபாம்ப்ரிடின் மெதுவாகக் கரையும் மாத்திரை. அதைப் பொடித்தால் மருந்து ஒரேயடியாக உடலில் கலந்து வலிப்பு வரும் அபாயம் உள்ளது. டைமெத்தில் ஃபியூமரேட் கேப்சூலைப் பிரித்துக் கொட்டுவதும் தவறு.

இவற்றையெல்லாம் ஒவ்வொருவருக்கும் ஏற்றபடி தீர்மானிக்க வேண்டியவர் பேச்சு, மொழிச் சிகிச்சையாளர். பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து எக்ஸ்ரே படக்காட்சியாகப் பார்ப்பதும், மூக்கு வழியே மெல்லிய கேமராக் குழாயைச் செலுத்தித் தொண்டையைப் பார்ப்பதும் இதற்கென உள்ள பரிசோதனைகள். முகவாயைத் தாழ்த்துதல் போன்ற எளிய உத்திகூட எல்லோருக்கும் பொருந்தாது. யாருக்குப் பொருந்தும் என்று அப்பரிசோதனைகளே காட்டும். ஆனால் திக்குவாய்க்கும் குழந்தைகளின் பேச்சுத் தாமதத்துக்கும் மட்டுமே இச்சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள் என்று மக்கள் மட்டுமல்லாமல், சில மருத்துவர்களும் கருதுகிறார்கள். ஒரு மருத்துவமனையில் நான் இதைப் பற்றிக் கேட்டபோது, "உங்களுக்குப் பேச்சு நன்றாகத்தானே வருகிறது?" என்ற பதிலே கிடைத்தது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகைப்படுத்திய 21 குறைபாடுகளில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும் ஒன்று. எனவே சுகாதாரத் துறையிடம் நான் கேட்பது சலுகையன்று. எம்.எஸ். நோயாளிகளின் விழுங்கும் திறனை அறிவதற்கென்றே 2008இல் வெளியிடப்பட்ட டைமஸ் என்னும் வினாத்தாளில் 10 கேள்விகளே உள்ளன; ஆம், இல்லை என்று விடையளித்தால் போதும். அதை முறைப்படி தமிழாக்கி, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நரம்பியல் பிரிவுகளில் மருத்துவரைப் பார்க்கக் காத்திருக்கும் நேரத்திலேயே நிரப்பச் சொல்லலாம். ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம் (ஆர்.பி.எஸ்.கே.) என்னும் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட அளவில் இயங்கும் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையங்களில் பேச்சுச் சிகிச்சையாளர் பணியிடம் உண்டு. வாரத்தில் ஒரு பிற்பகலை விழுங்கும் சிரமம் உள்ள பெரியவர்களுக்கு ஒதுக்க வகை செய்தால், எம்.எஸ். நோயாளிகளோடு பக்கவாதம், பார்க்கின்சன் நோயாளிகளும் பயன்பெறுவர். 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அப்படி வரும் பணியாளர்களுக்கு, படுத்த நிலையில் இருப்பவரின் வாயில் கஞ்சியை ஊற்றக் கூடாது என்பதையும், மேலே சொன்ன அறிகுறிகளைக் கண்டால் எங்கே அனுப்ப வேண்டும் என்பதையும் பயிற்சியில் சேர்த்துச் சொல்லித்தர வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.