சுருக்கங்களை விரித்து எழுதினால் என்ன?

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

அரச அலுவலகப் படிவங்களிலும் வைத்தியசாலைத் துண்டுகளிலும், ஏன், தங்கள் பத்திரிகையின் வன்னிச் செய்திகளிலும்கூட, ஆங்கிலச் சுருக்கங்கள் விரிவு எதுவுமின்றி வெறும் எழுத்துகளாக வருவதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். சென்ற மாதம் எங்கள் அயலில் நடந்த ஒரு சிறு சம்பவம் என்னைப் பேனையை எடுக்க வைத்தது.

சீனி வருத்தத்துக்கு மாதாந்தம் கிளினிக் போய்வரும் ஆச்சி ஒருவரின் கொப்பியில், அடுத்த தவணைத் திகதிக்கு நேரே 'எஃப்.பி.எஸ்.' என்ற மூன்று எழுத்துகள் மட்டும் இருந்தன. உயர்தரம் படிக்கும் பேத்தி அவற்றைப் பிழையில்லாமல் வாசித்துக் காட்டியிருக்கிறாள். ஆச்சி வழமைபோல விடிய எழும்பி, இரவு மிஞ்சிய புட்டையும் ஒரு பிளேன்ரீயையும் முடித்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போய், வரிசையில் இருந்து, தன் முறை வந்தபோது, சாப்பிட்டீர்களா என்ற கேள்விக்கு 'ஓம்' என்று சொல்ல, இரத்தம் எடுக்காமலே திருப்பி அனுப்பப்பட்டார். அது உண்ணாதிருந்து செய்யும் இரத்தச் சீனிப் பரிசோதனை, முதல் எழுத்துக்கு 'உண்ணாதிருந்து' என்பதே பொருள் என நான் விளக்கியபோது, கொப்பியை என்னிடம் நீட்டி, "ரீச்சர், சாப்பிடாம வரச் சொல்லி இதில எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆங்கிலம் கற்பித்த எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை.

ஆங்கிலம் தெரிந்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும் என்று சிலர் நினைக்கலாம். மருந்துத் துண்டில் காணும் 'பி.டி.', 'ரீ.டி.எஸ்.' என்பவை ஆங்கிலமே அல்ல. நாளுக்கு இருமுறை, நாளுக்கு மூன்று முறை எனப் பொருள்படும் இலத்தீன் தொடர்களின் தலையெழுத்துகள். முற்பகலையும் பிற்பகலையும் குறிக்க நாம் நாள்தோறும் எழுதும் 'ஏ.எம்.', 'பி.எம்.' என்பனவும் அப்படியே. ஆங்கில மொழிமூலம் படித்தவரும் யாராவது சொல்லித் தந்தால்தான் இவற்றை அறிவார்.

சுருக்கமே கூடாது என்பது என் வாதமல்ல. 'ப.நோ.கூ.ச.' என்று பலகையில் இருந்தால் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம் என்று விளங்கிக்கொள்ளும் மக்கள்தான் நாங்கள். ஆனாலும் வாயில் வருவது சங்கக்கடை என்பதுதான். 2009இல் செட்டிக்குளம் முகாம்களில் தறப்பாள் கொட்டில்களுக்குள் இருந்தபோது 'ஐ.டி.பி.' என்று எங்களையே மூன்று எழுத்தாகச் சுருக்கி அழைத்தார்கள். உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் என்று அதற்குப் பொருள் என்பதைப் பலர் வீடு திரும்பிய பிறகே அறிந்தார்கள். மீள்குடியேறிய காலத்தில் காட்டோரங்களில் நின்ற சிவப்புப் பலகைகளில் மட்டும் யாரும் சுருக்கம் எழுதவில்லை. மண்டையோட்டுப் படத்தோடு 'மிதிவெடி, அபாயம்' என்று தமிழில் தெளிவாக இருந்தது, ஏனெனில் விளங்காவிட்டால் கால் போய்விடும் என்பது எழுதியவருக்குத் தெரிந்திருந்தது.

சுருக்கம் சில வேளைகளில் ஒரு சொல்லை மறைத்தும் விடுகிறது. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அலுவலகத்தை எல்லோரும் 'ஓ.எம்.பி.' என்கிறோம். 'காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்' என்று விரித்துப் பார்த்தால் உள்ளே 'காணாமற்போன' என்ற சொல்தான் இருக்கிறது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் வந்தமர்ந்த தாய்மார் விடாது சொல்லிவரும் 'காணாமல் ஆக்கப்பட்ட' என்ற சொல் அங்கே இல்லை. பத்திரிகை அதை ஒவ்வொரு முறையும் விரித்து எழுதினால், இந்த வேறுபாடு வாசகர் கண்ணில் படும்.

ஆங்கிலப் பழமொழிகளையும் வகுப்பறையில் இப்படித்தான் மூட்டையாகவே கைமாற்றுகிறோம். வெயில் அடிக்கும்போதே வைக்கோலைக் காயவை என்று ஆங்கிலேயர் சொல்வதற்கு நேராகக் 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்று எழுதிப் பாடமாக்கச் சொல்கிறோம், மாணவரும் சாதாரணதரப் பரீட்சையை நினைத்துப் பாடமாக்குகிறார்கள். ஒருமுறை ஒரு பையன், "வைக்கோலுக்கு ஏன் ரீச்சர் வெயிலைப் பார்த்து நிக்கோணும், இங்க எப்பவும் வெயில்தானே?" என்று கேட்டான். மாரிக்கால மாட்டுத் தீவனத்துக்காக வெட்டிய புல்லை எப்போது மழை வரும் என்று தெரியாத ஊரில் உலர்த்துபவனுக்கு வெயில் அருமை. காலபோக நெல்லைக் களத்தில் குவித்துவிட்டுச் சுளகோடு நிற்பவனுக்குக் காற்று அருமை. இதைச் சொன்ன பிறகும் அவன் முகம் தெளியவில்லை. அறுவடை இயந்திரம் வந்த பின் பிறந்த அவன் தூற்றுவதையே கண்டதில்லை என்பது எனக்குப் பிந்தித்தான் உறைத்தது. அன்று ஆங்கிலத்தை விட்டுவிட்டுத் தமிழ்ப் பழமொழிக்கே விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. அதே பட்டியலில் 'செய்தி இல்லையென்றால் நல்ல செய்தி' என்ற பொருள்பட ஓர் ஆங்கிலப் பழமொழியும் உண்டு. வன்னியில் ஒரு வகுப்பில் அதைப் பாடமாக்கச் சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை. வேறொன்றைக் கொடுத்துக் கடந்துவிடுவேன்.

1987இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. எழுத்து மட்டும் தமிழாகிப் பொருள் ஆங்கிலத்திலேயே நின்றுவிட்டால் அந்த ஏற்பாட்டால் ஆச்சிக்கு ஆகப்போவது எதுவுமில்லை. எனவே, ஒரு செய்தியில் சுருக்கம் முதன்முறை வரும் இடத்திலாவது அதன் தமிழ் விரிவைச் சேர்த்து அச்சிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அலுவலகங்களும் தங்களைப் பார்த்துப் பழகட்டும். இதற்கிடையில் ஆச்சியின் கொப்பியில், அந்த மூன்று எழுத்துகளுக்குக் கீழே 'சாப்பிடாமல் வரவும்' என்று சிவப்புப் பேனையால் நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். கிளினிக்கில் உள்ளவர்கள் அதைக் குறையாக எடுக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
ஒட்டுசுட்டான்.