மகளுக்கு, புதுக்குடியிருப்பிலிருந்து

03.04.2025

அன்புள்ள மகள்,

இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை வட்ஸ்அப்பில் நீ கடைசியாக வந்துபோன நேரத்தைப் பார்த்து அறிந்துகொள்கிறோம். அம்மா அதைக் காலையிலும் இரவிலும் தம்பியிடம் கேட்பார். 'விடிய நாலு மணிக்கு வந்திருக்கிறா' என்று அவன் சொன்னால், 'அங்கே அவுஸ்திரேலியாவில் அப்போது ஒன்பதரை' என்று நான் கணக்குச் சொல்வேன். இரண்டு கிழமையாக இதுதான் எங்கள் மூவருக்கும் உன்னோடு கதைப்பது.

போனில் நான் 'சாப்பிட்டியா' என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவேன் என்று உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். தம்பி படம் எடுத்து அனுப்புவான். வாசிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறான். நீ நம்பாதே.

கார்த்திகை வெள்ளத்தில் நெல் பாதி போனது உனக்குத் தெரியும். கச்சான் கடலை பரவாயில்லை. செவலை மாடு கன்று போட்டிருக்கிறது, நாகு, பெண் கன்று. அம்மா போன கிழமையும் முல்லைத்தீவுக்குப் போய், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார் இருக்கிற கொட்டகையில் இருந்துவிட்டு வந்தார். வந்த இரவு முழங்கால் வீங்கிவிட்டது. போகாதே என்று நான் சொல்வதில்லை.

உன் கம்பஸ் விழாப் படங்களைப் பார்த்தோம். செம்மஞ்சள் சல்வார் வடிவாக இருந்தது. எல்லோரும் ஏன் ஒரே நிறத்தில் நிற்கிறார்கள் என்று அம்மா கேட்டார். தம்பி தேடி வாசித்துச் சொன்னான். 1960ஆம் ஆண்டு மார்ச் 21இல் தென்னாபிரிக்காவில், ஷார்ப்வில் என்ற இடத்தில், நடமாடுவதற்கான பாஸ் சட்டத்தை எதிர்த்துக் கூடிய கறுப்பின மக்களைப் பொலிஸ் சுட்டு 69 பேர் செத்திருக்கிறார்கள். ஐ.நா. சபை 1966இல் அந்த நாளை இனப்பாகுபாட்டை ஒழிக்கும் நாளாக அறிவித்திருக்கிறது. 1999இலிருந்து அவுஸ்திரேலியாவில் அதே நாளை ஹார்மனி டே என்று செம்மஞ்சள் உடுத்துக் கொண்டாடுகிறார்களாம். எனக்கு அது கொஞ்சம் ஒரு மாதிரித்தான் இருந்தது. சுட்டுக் கொன்ற நாளில் எப்படி ரோல்ஸ் விற்பது? அம்மா சொன்னார், 'செத்த வீட்டிலும் எட்டாம் நாள் சமைக்கிறோம்தானே' என்று. அம்மாவோடு வாதாட முடியாது.

ரோல்ஸ் முடிந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். எண்பதும் இரண்டு மணித்தியாலத்தில் முடிந்ததைப் பெரியம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன். பக்கத்து வளவுக்காரருக்கும் சொன்னேன். சங்கக் கடையில் நின்ற ஆட்களுக்கும் சொன்னேன் என்று அம்மா குறை சொல்கிறார். குசினிப் பக்கமே வராத பிள்ளை என்று பேச்சு வாங்கினவள் எண்பது ரோல்ஸ் பொரித்திருக்கிறாய், அதைச் சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

ஒன்றுதான் விளங்கவில்லை. நாங்கள் இங்கிருந்து அனுப்பிய கச்சான் அல்வாவை மேசையில் வைக்க விடவில்லை என்றாயே. கச்சான் பட்டாலே மூச்சடைத்து ஆஸ்பத்திரிக்குப் போகும் பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள் என்றாய். ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னாலும் முட்டை, பால், கோதுமை, கச்சான் எது இருக்கிறது என்று துண்டு எழுதி ஒட்ட வேண்டுமாம். முப்பது வருடமாகக் கச்சான் போட்டுப் பிள்ளைகளை வளர்த்தவன் நான். என் கச்சானை நஞ்சு மாதிரி ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பிறகு யோசித்தால் சரிதான், சாகிற பிள்ளைக்கு அது நஞ்சுதானே. வைகாசியில் முள்ளிவாய்க்காலில் செத்தவர்களை நினைத்து நாங்கள் காய்ச்சுகிற கஞ்சியை அங்கே வைத்தால் துண்டில் என்ன எழுதுவார்கள் என்று அன்றிரவு படுத்திருந்து நினைத்தேன். அரிசி, தண்ணீர், உப்பு. ஒருவருக்கும் ஒவ்வாமை வராது.

நீ படிக்கப் போன பிள்ளை. அதை மறக்காதே. இரண்டு கிழமைக்கு 48 மணித்தியாலத்துக்கு மேலே வேலை செய்யக் கூடாது என்ற சட்டத்தையும் மறக்காதே. காசு போதாவிட்டால் சொல்லு, நாகுக் கன்றை வைத்துக்கொண்டு பசுவை விற்கலாம். தலைக்கு எண்ணெய் வை. அங்கே இனிக் குளிர் தொடங்குமாம், நாங்கள் வெயிலில் வேக நீ போர்வைக்குள் இருப்பாய், அது என்ன உலகமோ. படிக்கப் போன இடத்தில் படி, சங்கங்களோடு அளவாக நில்.

நீ போன புதிதில், 'கம்பஸில் இரண்டு சங்கம் இருக்கிறது அப்பா, இலங்கை மாணவர் சங்கம் ஒன்று, தமிழ் மாணவர் சங்கம் ஒன்று, எதில் சேர?' என்று கேட்டாய். ஒன்றிலும் வேண்டாம் என்றேன். நீ இரண்டிலும் சேர்ந்தாய். தமிழ்ச் சங்கத்தில் மலேசியாப் பிள்ளைகளும் சிங்கப்பூர்ப் பிள்ளைகளும் கோயம்புத்தூர்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், உன் தமிழைக் கேட்டுவிட்டு மலையாளமா என்று கேட்டார்கள் என்று சொல்லிச் சிரித்தாய். கேட்டுக்கொண்டிருக்க எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் விழாவில் நாடு நாடாகக் கொடி பிடித்து வருவார்கள் என்று நீ சொன்ன நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. கொடி பிடிக்காதே என்றேன். எந்தக் கொடியும் பிடிக்காதே என்றேன். இலங்கைக் கொடியைப் பிடித்தால் எங்கள் ஆட்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், எங்கள் ஆட்களின் கொடியைப் பிடித்தால் கட்டுநாயக்கா விமானநிலையத்தில் வந்து இறங்கும்போது பதில் சொல்ல வேண்டும். பேஸ்புக்கில் போட்ட படம் உனக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடும். இதை நான் எத்தனை தரம் சொன்னேன் என்று அம்மா எண்ணி வைத்திருக்கிறார்.

கம்பஸ் விழா என்றாலே எனக்குப் பயம். 2016 ஆடியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞான பீடப் புதுப் பிள்ளைகளை வரவேற்கும்போது, ஊர்வலத்தில் கண்டிய நடனமும் வர வேண்டும், வரக்கூடாது என்று தொடங்கி அடிபிடியில் முடிந்ததே. கல்லெறி, காயம், கம்பஸும் மூடியாயிற்று. வரவேற்க வைத்த மேளம். அதை மனதில் வைத்துத்தான் உனக்கு அத்தனை தரம் சொன்னேன். நீ கொடி பிடிக்கவில்லை. படங்களில் உன் கையில் ரோல்ஸ் தட்டுத்தான் இருந்தது. சொல் கேட்கிற பிள்ளை என்று நினைத்தேன்.

அப்புறம்தான் அந்த உலகப் படத்தைப் பார்த்தேன்.

சுவர் நிறைய உலகப் படம் ஒட்டி, அவரவர் ஊரில் குண்டூசி குத்தி, அதிலிருந்து நூல் இழுத்து, நூலின் அந்தப் பக்கம் ஒரு துண்டில் பெயரையும் ஊரையும் தங்கள் எழுத்திலேயே எழுதியிருக்கிறார்கள். நல்ல யோசனை. இலங்கை பயறு அளவுதான். அதிலே பத்துப் பன்னிரண்டு ஊசி நெருக்கிக்கொண்டு நிற்க, நூல்கள் கடலுக்கு மேலாலே போகின்றன. தம்பி படத்தைப் பெருப்பித்துக் காட்டினான். உன் பெயருக்குக் கீழே 'யாழ்ப்பாணம்' என்று இருந்தது.

வேறு யாரும் எழுதிவிட்டார்களோ என்று முதலில் பார்த்தேன். அந்த ழ உன்னுடையது. கடைசிச் சுழியை வால் மாதிரிக் கீழே இழுத்து விடுவாய். விறாந்தையில் மணல் பரப்பி, உன் விரலைப் பிடித்து நான் எழுதுவித்த ழ.

உன் துண்டுக்குப் பக்கத்தில் ஒரு சிங்களத் துண்டு. தம்பி எழுத்துக் கூட்டி வாசித்தான், 'தெனியாய'. உன்னோடு நின்று ரோல்ஸ் சுற்றிய மாத்தறைப் பிள்ளை அவள்தானே? மாத்தறை என்று எழுதியிருந்தால் நாலு பேருக்குத் தெரிந்திருக்கும், காலி என்று எழுதியிருந்தால் கிரிக்கெட் பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அந்தப் பிள்ளை தன் ஊரை எழுதியிருக்கிறாள். தெனியாய என்று ஒரு ஊர் இருப்பதை நான் அன்றுதான் அறிந்தேன், தேயிலை மலையாம்.

யாழ்ப்பாணத்தில் நீ இருந்தது இரண்டு வருடம். பிறந்தது இங்கே. 2012இல் திரும்பி வந்து, தகரக் கொட்டிலுக்குள் லாம்பு வைத்துப் படித்தது இங்கே. கிளிநொச்சி அறிவியல் நகருக்கு விவசாய பீடத்துக்குப் போனதும் இந்த வீட்டுப் படலையைத் திறந்துதான். நீ வயிற்றில் இருக்கும்போது வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு அம்மா நடந்து போன கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தாய். உப்புத் தண்ணீரில் விளக்கெரியும் கோயில் என்று அந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தால் வாய் பிளந்திருப்பார்கள். அதைச் சொல்ல உனக்கு என்ன வெட்கம்?

இந்த இடத்தில் நிறுத்தி இரண்டு நாளாயிற்று. இதற்குப் பிறகு உன்னைப் பேசி எழுதிய தாளைக் கிழித்துவிட்டேன்.

உனக்கு அதைச் சொல்லித் தந்தது நான். யுத்தம் முடிந்து முகாமால் வெளியே வந்து யாழ்ப்பாணத்தில் பெரியம்மா வீட்டில் இருந்தபோது, உன்னைச் சைக்கிள் பாரில் வைத்துப் பள்ளிக்கூடம் கூட்டிப் போன முதல் நாள், கோயிலடி வளைவில் நிறுத்தி, 'ஆரும் ஊரைக் கேட்டால் யாழ்ப்பாணம், கொக்குவில் என்று சொல்லு' என்றேன். உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஏன் என்று கேட்கவில்லை. நான் பயத்தில் சொன்னேன் என்றுதான் அம்மாவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். ஊர் தெரிந்தால் அண்ணாவைப் பற்றிக் கேட்பார்கள் என்ற பயம். அது உண்மை. அது பாதி உண்மை. மற்றப் பாதி, அந்தப் பள்ளிக்கூடத்து வாசலில் நின்ற தாய்மார் 'வன்னியால வந்ததுகள்' என்று கதைத்தது என் காதில் விழுந்தது. நானும் அழுக்குச் சேட்டோடு நின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது மகள். எங்கள் ஊரைச் சொல்ல எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

அடுத்த வருடம் அங்கே தெற்கிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவந்து இனங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு கலைவிழா வைத்தார்கள், உனக்கு ஞாபகம் இருக்கும். ஒவ்வொரு பிள்ளையாக மேடையில் ஏறித் தன் ஊரைப் பற்றி நாலு வசனம் சொல்ல வேண்டும். நான் கடைசி வாங்கில் இருந்தேன். கை நடுங்கியது. நீ ஒலிவாங்கிக்கு முன்னால் போய், 'எனது ஊர் கொக்குவில்' என்று தொடங்கி, தடுமாறாமல், நீ பார்த்தே இராத குளத்தையும் கோயிலையும் பற்றிச் சொன்னாய். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வரும் வழியில் உனக்கு ஐஸ்கிறீம் வாங்கித் தந்தேன். பொய் சொன்னதற்குப் பரிசு. நீ அதை நக்கிக்கொண்டே, 'அப்ப அண்ணா எந்த ஊர், அப்பா?' என்று கேட்டாய்.

நான் சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தேன். காற்றில் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். எனக்குக் கேட்டது.

பதினான்கு வருடம் ஆகிறது. அறிவியல் நகரில் சிங்களப் பிள்ளைகளோடும் முஸ்லிம் பிள்ளைகளோடும் ஒரே பட்ச்சில் இருந்தாய், அவர்களிடம் எந்த ஊர் சொன்னாய் என்று நான் கேட்டதில்லை. பயத்தில் கேட்கவில்லை என்று இதற்கும் சொல்லிக்கொள்ளலாம்.

அந்தத் துண்டை இதற்குள் கழற்றி எறிந்திருப்பார்கள். அதற்காக நீ ஒன்றும் செய்ய வேண்டாம். அம்மாவுக்கு அது தெரியாது. படத்தைப் பெருப்பித்துப் பார்க்க அவருடைய கண் விடாது, தம்பியும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டும் எண்ணம் எனக்கு இல்லை. நீ சொல்வதானால் சொல்லு.

அந்தத் தெனியாயப் பிள்ளையை விசாரித்ததாகச் சொல்லு. கச்சான் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாதென்றால் அல்வாவில் அவளுக்கும் கொடு.

வாற ஞாயிறோடு அங்கே ஒரு மணித்தியாலம் பின்னுக்குப் போகுமாம், தம்பி சொன்னான். இனி நாலரை மணித்தியாலம்தான் வித்தியாசம். இங்கே இரவு எட்டு என்றால் உனக்குப் பன்னிரண்டரை, அது வேண்டாம், நித்திரை கொள்ள வேண்டும். உனக்குக் காலை பத்தரை என்றால் இங்கே ஆறு. நான் தண்ணீர் மாறப் போகாமல் வீட்டில் நிற்பேன். அம்மா எடுக்க முன்னம் நான் எடுக்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா