வயதா, பிறந்த காலமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘முப்பதைத் தாண்டினால் மூளை மந்தமாகும்’, ‘ஒரு வயதில் நடக்கவில்லையா? கவனம்!’ என்கிற வகைத் தலைப்புகள் அறிவியல் பக்கங்களில் அடிக்கடி வருகின்றன. பின்னால் இருக்கும் ஆய்வு நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அது எப்படி நடந்தது என்ற இரண்டு வரி விடுபட்டால், செய்தி பொய்யாகிவிடுகிறது.

முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ஒரே ஆட்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தார்களா, இல்லை பல வயதினரை ஒரே சமயத்தில் சோதித்தார்களா? இருபது, நாற்பது, எழுபது வயதினருக்கு ஒரே வாரத்தில் ஒரே தேர்வை வைத்தால் எழுபதுக்காரர்கள் பின்தங்குவார்கள். உடனே முதுமைதான் காரணம் என்று எழுதிவிடுகிறோம். ஆனால் அந்த எழுபதுக்காரர்கள் பள்ளியில் இருந்த ஆண்டுகள் குறைவு. சிறுவயதில் கிடைத்த சத்துணவும் மருத்துவமும் வேறு. இப்படிப்பட்ட வினாத்தாளோடு பழக்கமும் குறைவு. ஒரே ஒரு முறை அளக்கும்போது வயதின் விளைவையும் பிறந்த காலத்தின் விளைவையும் பிரிக்கவே முடியாது.

இதைத் தெளிவாகக் காட்டியவர் உளவியலாளர் கே. வார்னர் ஷாய். 1956இல் அமெரிக்காவின் சியாட்டிலில் அவர் தொடங்கிய ஆய்வில், கலந்துகொண்டவர்களை ஏழு ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் சோதித்தார்கள். முதல் சுற்றின் மதிப்பெண்களை மட்டும் பார்த்தால், பல அறிவுத்திறன்கள் நடுவயதுக்கு முன்பே சரியத் தொடங்குவதுபோல் தெரியும். அதே ஆட்களைத் தொடர்ந்து பார்த்தபோதோ, பெரும்பாலான திறன்கள் அறுபதை நெருங்கும் வரை நிலையாக இருந்தன. சொல்திறன் அதற்குப் பிறகும் தாக்குப்பிடித்தது; வேகம் மட்டும் இளமையிலிருந்தே மெல்லக் குறைந்தது.

தொடர் ஆய்வை அப்படியே நம்பிவிடலாமா என்றால், கூடாது. அதே தேர்வைத் திரும்பத் திரும்ப எழுதுகிறவருக்குப் பழக்கத்தாலேயே மதிப்பெண் கூடும். நோயுற்றவர்களும் தளர்ந்தவர்களும் முதலில் விலகிவிடுவார்கள். மிஞ்சுகிறவர்கள் திடமானவர்கள் என்பதால் சராசரி உயர்ந்து நிற்கும். ஒருமுறை அளக்கும் ஆய்வு சரிவைப் பெரிதாக்கிக் காட்டும் என்றால், தொடர் ஆய்வு அதைச் சிறிதாக்கிக் காட்டும். அதனால்தான் ஷாய் ஒவ்வொரு சுற்றிலும் எல்லா வயதிலும் புதியவர்களையும் சேர்த்தார். முதல்முறை எழுதும் அறுபது வயதினரை, மூன்றாம் முறை எழுதும் அறுபது வயதினரோடு ஒப்பிட்டால், பழக்கமும் விலகலும் சேர்ந்து எவ்வளவு மாற்றியிருக்கின்றன என்பது தெரிந்துவிடும்.

எத்தனை பேர் தொடங்கினார்கள், எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்பது எந்தச் செய்தியிலும் விடக்கூடாத எண். நியூசிலாந்தின் டுனிடின் ஆய்வு 1972–73இல் பிறந்த 1,037 பேரைப் பின்தொடர்கிறது. 45 வயதிலும், உயிரோடிருந்தவர்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் வந்து கலந்துகொண்டார்கள். வெளிநாட்டில் குடியேறியவர்களுக்கும் பயணச் செலவு கொடுத்து வரவழைக்கிறார்கள். பாதிப் பேர் காணாமல்போன ஓர் ஆய்வை இதற்குச் சமமாக நிறுத்த முடியாது.

சோதனை அறையிலும் தவறு நுழையும். சொற்பட்டியலை வாசித்துக் காட்டி நினைவைச் சோதிக்கும்போது, காது சரியாகக் கேட்காதவர் தவறவிட்ட சொல்லும் ‘மறந்த’ சொல்லாகக் கணக்கில் ஏறும். முதியவர்கள் பலர் காலையில் நன்றாகச் செய்வார்கள், இளைஞர்கள் பிற்பகலில். எல்லோரையும் மாலை நான்கு மணிக்குச் சோதித்தால் இடைவெளி தானாக விரியும்.

குழந்தைகள் பற்றிய செய்திகளில் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் அவற்றைப் படித்துப் பதறுவது பெற்றோர். பேச முடியாத குழந்தையிடம் ஆய்வாளர் பெரும்பாலும் அளப்பது பார்க்கும் நேரத்தை. ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டி, பார்க்கும் நேரம் தொடக்கத்தில் இருந்ததில் பாதியாகக் குறைந்ததும் புதுப் படத்தைக் காட்டுவார்கள். நேரம் மறுபடி கூடினால், இரண்டுக்கும் வேறுபாடு தெரிகிறது என்று பொருள். அவ்வளவுதான். ‘ஐந்து மாதக் குழந்தைக்குக் கணக்குப் புரிகிறது’ என்பது அதன் மேல் ஏற்றிய விளக்கம். மடியில் வைத்திருக்கும் தாய் கண்ணை மூடியிருந்தாரா, நேரத்தைக் குறித்தவருக்கு எந்தப் படம் ஓடுகிறது என்பது தெரியாமல் இருந்ததா, அழுததாலோ தூங்கியதாலோ எத்தனை குழந்தைகளின் பதிவு கழிக்கப்பட்டது ஆகிய மூன்றும் தெரியாமல் முடிவை எடைபோட முடியாது.

வளர்ச்சிப் படிகளுக்குச் சராசரி மாதத்தை மட்டும் அச்சிடுவதை நிறுத்தக் கோருகிறோம். உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாட்டுக் குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2006இல் வெளியிட்ட அளவுகளின்படி, தனியாக நடக்கத் தொடங்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை பரந்து கிடக்கிறது. நலமான அந்தக் குழந்தைகளில் நூற்றுக்கு நான்கு பேர் கைகால் ஊன்றித் தவழவே இல்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, இரண்டு வயது வரையாவது, முன்கூட்டிப் பிறந்த மாதங்களைக் கழித்தே வயதைக் கணக்கிட வேண்டும். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த ஒரு வயதுக் குழந்தையைப் பத்து மாதக் குழந்தையோடுதான் ஒப்பிடலாம்.

இந்த விவரங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆய்வுக் கட்டுரையின் ‘முறைகள்’ பகுதியில் பெரும்பாலும் இவை இருக்கும். அந்தப் பகுதியையும் படித்த பிறகு செய்தியாளர்கள் தலைப்பை எழுதட்டும்.

இப்படிக்கு,
வளர்ச்சி உளவியல் ஆசிரியர்கள்